கியர் விழாத ஹெரால்டு

பெருங்களத்தூர் சிக்னலில் பச்சை விழுந்தது. கிளட்சை மிதித்து லீவரை முதல் கியருக்குத் தள்ளினேன். கர்ர்ர் என்றது. எடுத்துவிட்டு மறுபடி தள்ளினேன். மறுபடியும் அதே கர்ர்ர். பின்னால் நின்ற அரசுப் பேருந்தின் ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. வேறு வழி தெரியாமல் இன்ஜினை அணைத்தேன். அணைத்ததும் கியர் ஒரு சத்தமும் இல்லாமல் போய் உட்கார்ந்தது. கிளட்சை அடிவரை மிதித்தபடியே சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடிப்பதற்கு முன்பே வண்டி கன்றுக்குட்டி மாதிரி இரண்டு துள்ளு துள்ளி, அப்படியே கிளம்பிச் சிக்னலைத் தாண்டியது. வியர்த்துப்போய் ஓரம் கட்டினேன்.

அந்த அரை நிமிடத்தில் வண்டி தன் நோயை முழுசாகச் சொல்லிவிட்டது. எனக்குத்தான் அது காதில் விழவில்லை. அதற்கு நான் கட்டிய தண்டம் 14,000 ரூபாய்க்கு மேல். இது நடந்தது 2013-ல்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. நான்கு கதவு, 948 சிசி. என் பெரிய மாமா வாங்கி, ஓட்டி, கண் பார்வை மங்கியதும் சாவியை என் கையில் கொடுத்துவிட்ட வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த காரை, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் சென்னையில் செய்தது. அங்கே அது இரண்டு கதவுக் கார்தான். நான்கு கதவு வைத்தது நம் ஊர்க்காரர்களின் வேலை. தொழிற்சாலை இருந்தது வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம், ஜிஎஸ்டி சாலையை ஒட்டி. ஆக, வண்டி நடுத்தெருவில் என் மானத்தை வாங்கிய இடம் அது பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

அன்று மாலையே ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். பையன் ஒருவன் வண்டியில் ஏறி, ஒரு முறை கியர் போட்டுப் பார்த்தான். கர்ர்ர். "கிளட்ச் போயிடுச்சு சார், பெட்டிய இறக்கணும்" என்றான். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். எந்த வண்டிக்குக் கியர் விழாவிட்டாலும் இதே தீர்ப்புதான்.

ஹெரால்டில் பெட்டியை இறக்குவதில்லை என்பது வேறு விஷயம். மேலே தூக்குவார்கள். முன் இருக்கைகளைக் கழற்றி, நடுவில் கூம்பு மாதிரி இருக்கும் அட்டை மூடியை எடுத்தால், கியர் பெட்டி காருக்குள்ளேயே தெரியும். போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு பேர் சேர்ந்து கதவு வழியாக வெளியே எடுத்துவிடலாம். மற்ற கார்களில் குழிக்குள் படுத்து முகத்தில் ஆயில் ஒழுக விட்டுச் செய்யும் வேலை இது. இந்த வசதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஐம்பதுகளில், இங்கிலாந்தில் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்துவந்த கம்பெனியை, போட்டிக் கார் கம்பெனியான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) விலைக்கு வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் கீழே தனி இரும்புச் சட்டகம் (சேஸி) ஒன்றைப் போட்டு, அதன் மேல் பாகம் பாகமாக முடுக்கும்படி காரை அமைத்தார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கேலொட்டி. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முதலை வாய் மாதிரி முன்னோக்கித் திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். அன்றைக்கு அவர்களுக்கு வந்த நெருக்கடி இன்றைக்கு எனக்கு வசதியாக இருக்கிறது.

சரி, பட்டறைக்கு வருகிறேன். பெட்டியை எடுத்தார்கள். புது கிளட்ச் பிளேட், புது பிரஷர் பிளேட், புது ரிலீஸ் பேரிங் போட்டார்கள். பழைய பிளேட்டை என்னிடம் காட்டினார்கள். அதில் ரிவெட்டுகளுக்கு மேல் நல்ல கனத்துக்கு மேட்டீரியல் பாக்கி இருந்தது. எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. பணம் கட்டி வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே முதல் கியர் முனகியது. போனில் கேட்டால், "புது பிளேட் சார், செட் ஆகணும்" என்றார்கள். இரண்டு வாரம் செட் ஆகும் என்று காத்திருந்தேன். அதற்குள் ரிவர்ஸும் விழாமல் போயிற்று.

அப்புறம்தான் பல்லாவரத்துப் பெரியவரிடம் போனேன். ஹெரால்டுகள் தெருவெங்கும் ஓடிய காலத்தில் வேலை கற்றவர். இப்போது கடை இல்லை. வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் வேலை பார்க்கிறார், அதுவும் மனசு இருந்தால்.

அவர் வந்ததும் பானட்டைத் திறக்கவில்லை. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். இன்ஜினைப் போடவில்லை. கிளட்சை மிதித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ் என்று எல்லாக் கியரையும் மெதுவாகப் போட்டு எடுத்தார். எல்லாம் அலுங்காமல் விழுந்தன.

"பெட்டில கோளாறு இல்ல தம்பி" என்றார்.

"எப்படி ஐயா சொல்றீங்க?"

"இன்ஜின் ஓடாதப்ப எல்லாம் விழுது. ஓடுறப்ப விழ மாட்டேங்குது. அப்ப பெட்டி மேல என்ன தப்பு? கிளட்ச் கட் ஆகல, அவ்ளோதான்."

சிக்னலில் வண்டி எனக்குச் சொன்னதும் இதேதான். இன்ஜின் ஓடும்போது கியர் மறுத்தது, அணைத்ததும் ஏற்றுக்கொண்டது, கிளட்ச் அடிவரை மிதிபட்டிருந்தும் ஸ்டார்ட்டர் சுற்றியதும் வண்டி துள்ளியது. கிளட்ச் முழுசாகப் பிரிந்திருந்தால் துள்ளியிருக்காது.

இங்கே கிளட்சைப் பற்றிக் கொஞ்சம். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதன் மேல் முடுக்கியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அப்பளத்தைப் பிடித்த மாதிரி, இவை இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. அப்பளம் கியர் பெட்டியின் தண்டோடு கோத்திருக்கிறது. கால் பெடலில் இல்லாதவரை ஸ்பிரிங்குகள் உள்ளங்கைகளை இறுக்கி வைத்திருக்கும். இன்ஜின் சுற்றினால் அப்பளமும் சுற்றும். மிதித்தால் ஒரு கை விலகும், அப்பளம் சும்மா நிற்கும். விலகும் தூரம் மிகக் கொஞ்சம். அதனால் மிதிக்கும் தூரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் அப்பளம் ஒட்டியும் ஒட்டாமலும் உரசிக்கொண்டே சுற்றும். சுற்றுகிற தண்டில் போய்ப் பல்லை நுழைத்தால் கர்ர்ர்தான்.

கிளட்சுக்கு வரும் நோய் இரண்டே வகை. பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாதது ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காதது மற்றொன்று. முதல் வகைக்குப் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் காரணமாக இருப்பதில்லை. பிளேட் தேய்ந்தால் பிடிப்புதான் போகும். மேட்டில் ஏறும்போது இன்ஜின் அலறும், வண்டி நகராது. அதாவது, கியர் விழாத வண்டிக்குப் புது பிளேட் போடுவது, காது வலிக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி. இதைப் பெரியவர் சொல்லவில்லை. அவர் பழைய பிளேட்டைக் கையில் வாங்கி, கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். பத்திரமா வெச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து இன்ஜினைப் போடச் சொன்னார். கிளட்சை வேகமாக மூன்று முறை மிதித்து விட்டு, நான்காவது மிதியில் அப்படியே பிடித்து முதல் கியரைத் தள்ளினார். விழுந்தது! எனக்கு ஆச்சரியம். "பம்ப் அடிச்சா விழுது. அப்ப காத்து இருக்கு" என்றார். ஹெரால்டில் கிளட்ச் வேலை செய்வது கேபிளில் இல்லை, பிரேக் மாதிரி திரவத்தில். பெடல், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள திரவத்தைத் தள்ளும். அது குழாய் வழியாகக் கீழே ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஃபோர்க் என்ற கவட்டை நகர்த்தும், அது ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி கிளட்சைப் பிரிக்கும். நடுவில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் போதும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். மிதித்த மிதியில் பாதி அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

அவர் இன்னொன்றும் செய்தார். கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடியே, சமதளத்தில் பிரேக்கை விட்டுவிட்டுக் காத்திருந்தார். பத்து நொடி. வண்டி தானாக முன்னால் நகர ஆரம்பித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, திரவம் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது என்று அர்த்தம். நகரவில்லை. மாஸ்டர் தப்பித்தது.

பிறகு ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே நுழைந்தார். "மிதி" என்றார். மிதித்தேன். "விடு." விட்டேன். "மறுபடி மிதி." ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். வெளியே வந்து, "ஏழு மில்லி. அரை அங்குலமாவது வேணும். இதுல எப்படி கட் ஆகும்?" என்றார். கூடவே சிரித்தார். "ஸ்லேவைத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கான்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரில் இரண்டு துளை உண்டு. ஒன்றில் குழாய் வந்து சேரும். மற்றொன்றில் காற்றை எடுப்பதற்கான நிப்பிள் இருக்கும். நிப்பிள் மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் காற்று மேலேதான் போய் நிற்கும். பட்டறையில் பெட்டியைத் திரும்ப ஏற்றும்போது சிலிண்டரைத் திருப்பி, நிப்பிள் கீழே வரும்படி முடுக்கியிருக்கிறார்கள். அந்த நிலையில் விடிய விடியப் பம்ப் அடித்தாலும் நிப்பிள் வழியாகத் திரவம்தான் வரும். காற்று மேலே சவுகரியமாக உட்கார்ந்திருக்கும்.

சிலிண்டரைச் சரியாக மாட்டிய பின் காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். பெரியவர் கீழே, நான் கண்ணாடிக் குழாயும் பாட்டிலுமாகப் பக்கத்தில். பெடலை மிதிக்க ஆள் இல்லை. வண்டியில் என்னோடு வந்திருந்த அம்மாவை டிரைவர் இருக்கையில் உட்கார வைத்தோம். அம்மாவுக்கு அப்போது 68 வயது. வாழ்நாளில் முதல் முறையாக ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரியவர் "மிதிங்கம்மா" என்றால் மிதிப்பதும், "புடிங்க... புடிங்க... விடுங்க" என்றால் விடுவதுமாக இருபது நிமிடம். ஒவ்வொரு தடவையும் விடுவதற்கு முன்னால் "விடட்டுமாடா?" என்று என்னிடம் ஒரு தரம் உறுதிப்படுத்திக்கொண்டார். அது மிகச் சரியான பழக்கம். நிப்பிளை மூடுவதற்கு முன்னால் பெடலை விட்டால் வெளியேற்றிய காற்றையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பாட்டிலில் குமிழிகள் சரம் சரமாக வந்து, கடைசியில் நின்றன.

மறுபடி அளந்தார். பத்து மில்லி. முன்னேற்றம்தான், ஆனாலும் போதவில்லை. அப்போதுதான் பெடலின் மேல் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டையும் இணைக்கும் சின்ன இரும்புப் பின் ஒன்று உண்டு. கழற்றிக் காட்டினார். நடுவில் இடுப்பு மாதிரி தேய்ந்திருந்தது. அது நுழையும் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. 40 வருட மிதி. இந்த இரண்டு தேய்மானமும் சேர்ந்து மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். ஆனால் பெடல் ஒரு நெம்புகோல். அங்கே மூன்று மில்லிமீட்டர் வீணானால் பாதத்தில் கிட்டத்தட்ட அரை அங்குலம் சும்மா போகும். பெருங்களத்தூரில் நடந்ததற்கு மூல காரணம் இதுதான். பட்டறை செய்த வேலை, இந்த மூலத்தைத் தொடாமல் மேலே இன்னொரு கோளாறைச் சேர்த்தது.

ஓட்டையை வெல்டு வைத்து அடைத்து, புதிதாகத் துளை போட்டு, புதுப் பின் மாட்டினோம். 13 மில்லி. முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பின்னுக்கும் வெல்டிங்குக்கும் சேர்த்து 150 ரூபாய். பெரியவர் தனக்கென்று கேட்ட தொகையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், விடுங்கள்.

அந்த ஸ்டீல் ஸ்கேலை அன்றே ஒன்று வாங்கி டேஷ்போர்டு அறையில் போட்டேன். இன்னும் இருக்கிறது. அதன் பிறகு மற்றவர்களின் பழைய வண்டிகளுக்கும் நான் ஓர் அரைகுறை வைத்தியன் ஆகிவிட்டேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரி பாகம் தேடும்போது பழக்கமான நண்பர் ஒருவர் வண்டியில், புது மாஸ்டர் சிலிண்டர் போட்ட பிறகும் கியர் விழவில்லை. காற்று இல்லை, கசிவு இல்லை, பின் புதிது. கடைசியில் சிலிண்டரின் உடம்பில் அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்தோம். பழையது 3/4 அங்குலம். கடைக்காரர் கொடுத்தது 5/8. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஆனால் பரப்பைக் கணக்குப் போட்டால் ஒரே மிதிக்கு 30 சதவீதம் குறைவாகத்தான் திரவம் தள்ளும். பெடல் பஞ்சு மாதிரி லேசாக இருக்கிறதே என்று நண்பர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு வண்டியில் நடந்ததற்கு நம் பேச்சு வழக்கே காரணம். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஊற்றும் திரவத்தை நாம் "பிரேக் ஆயில்" என்கிறோம். அது ஆயிலே இல்லை. டாட் 3, டாட் 4 என்று விற்பது வேறு வகை ரசாயனம். "ஆயில் கம்மியா இருக்கு, ஊத்து" என்று சொன்னதைக் கேட்டு யாரோ ஒரு பையன் நல்ல எண்ணத்தில் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டான். பெட்ரோலியத்திலிருந்து வரும் ஆயில் பட்டால் அந்த ரப்பர் கப்புகள் ஊறிப் பருத்துவிடும். பருத்த கப் சிலிண்டருக்குள் நகராது. மிதித்த பெடல் திரும்பாது. கப்புகள், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றி, உலோகக் குழாயைக் கழுவி எடுக்க வேண்டியதாயிற்று. அசல் திரவத்துக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு: பெயின்டை உரித்துவிடும். அதுவே சில நேரம் உதவியும் செய்யும். மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே தகட்டில் பெயின்ட் கோடு கோடாக உரிந்திருந்தால், கசிவு எங்கே என்று யாரையும் கேட்க வேண்டாம்.

பிடிக்காத கிளட்சைச் சோதிக்க எளிய வழி ஒன்று. கை பிரேக்கை இறுக்கி, டாப் கியரில் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்சை மெதுவாக விட வேண்டும். இன்ஜின் திணறி அணைந்துவிட்டால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தரம் செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகிவிடும். வழுக்கினாலும் உடனே பிளேட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். இன்ஜின் பின்பக்கம் கசியும் ஆயில் பட்டிருக்கலாம். பழைய ரப்பர் குழாய் உள்ளுக்குள் வீங்கி, போன திரவத்தைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருக்கலாம். அப்படியென்றால் கால் எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதிபட்ட நிலையிலேயே நிற்கும். கிளம்பும்போது வண்டி உதறினாலும் இதே மாதிரிதான். பிளேட்டில் ஆயில் இருக்கிறதா என்று சந்தேகப்படும் முன், இன்ஜினும் பெட்டியும் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கால் பெடலில் இல்லாதபோது ஒரு 'ஙொய்ய்' சத்தம், மிதித்ததும் நின்றுவிடுகிறது என்றால் கியர் பெட்டிக்குள் ஏதோ ஒரு பேரிங். மிதித்ததும்தான் சத்தமே ஆரம்பிக்கிறது என்றால் ரிலீஸ் பேரிங். முதலாவதற்குத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும், அதுவும் உடனே இல்லை. மாமா அந்த ஙொய்ய் சத்தத்தோடு பத்து வருடம் ஓட்டினார்.

ஆனால் ஒன்றை மட்டும் ஒத்திப்போடக் கூடாது. இந்த டிரையம்ஃப் குடும்பத்துச் சின்ன இன்ஜின்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. கிளட்சை மிதிக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் இன்ஜினின் பிரதான தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தடுத்து நிறுத்துவது பிறை வடிவில் இருக்கும் இரண்டு மெல்லிய வாஷர்கள். அவை தேய்ந்து மெலிந்தால் ஒரு நாள் நழுவி, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். அதற்கப்புறம் கிராங்க் நேராக இன்ஜின் பிளாக்கின் இரும்பையே அரைக்க ஆரம்பிக்கும். பிளாக்கே வீண். சோதனைக்குச் செலவு இல்லை. பானட்டைத் திறந்து வைத்து, இன்ஜின் அணைந்திருக்கும்போது ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விட வேண்டும். நீங்கள் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் ஓடும் புல்லியைப் பாருங்கள். கிராங்க் முன்னும் பின்னும் நகர அனுமதி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை. அது கண்ணுக்குத் தெரியாது. புல்லி முன்னும் பின்னும் போவது கண்ணுக்கே தெரிந்தால் வண்டியை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். வாஷரை மாற்ற இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. சம்ப்பைக் கழற்றினால் கை எட்டும். இது தெரிந்த பிறகு சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்பதை விட்டேன். நியூட்ரல், காலை எடு. டிரைவிங் ஸ்கூலில் ஹாஃப் கிளட்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததை மறக்கத்தான் நாளாயிற்று.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது வண்டி அங்கே ஓர் உறவினர் வீட்டுக் கொட்டகையில் நின்றது. தண்ணீர் சக்கரத்தின் மையம் வரை வந்து வடிந்தது. ஆளும் பேருமாக வீட்டைச் சுத்தம் செய்யவே மாதங்கள் ஆகிவிட, வண்டியைத் தொட்டது அடுத்த மே மாதம். இன்ஜின் ஓடியது. கியர்? பெருங்களத்தூர் கதை திரும்பவும். ஸ்கேலை எடுத்துக்கொண்டு கீழே நுழைந்தேன். 13 மில்லி. நெம்புகோல், திரவம், தண்டு எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. இருந்தும் கிளட்ச் பிரியவில்லை. பெரியவருக்குப் போன் போட்டேன். "ஈரத்துல நின்னா பிளேட்டு ஃப்ளைவீல்ல துரு புடிச்சு ஒட்டிக்கும். பெட்டிய தொடாத, நான் வரேன்" என்றார்.

பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, டாப் கியரில் ஓடவிட்டு, கிளட்சை மிதித்தபடி பிரேக் அடித்துப் பிரிப்பது பலர் செய்யும் வழி. அவர் வேண்டாம் என்றார். ஹெரால்டைத் தூக்கினால் பின் சக்கரங்கள் கோழிக்கால் மாதிரி உள்பக்கம் மடங்கித் தொங்கும். ஆக்சில் அந்தக் கோணத்தில் சுற்றினால் அதன் ஜாயின்ட்டுக்கு ஆகாது. (இந்தப் பின் ஆக்சிலை நம் ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த கேஸல் மாடலில் இதை மாற்றிச் சாதாரண ஆக்சில் வைத்துவிட்டார்கள்.) பக்கத்தில் ஒரு பெரிய காலி மனை. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, அணைத்து, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தார். துள்ளிக் கிளம்பியது. பெடலை அடிவரை மிதித்தபடியே மனையைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று கொடுப்பார், சட்டென்று விடுவார். நான்காவது சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி அப்படியே வேகம் இழந்து உருண்டு நின்றது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மனையில் கிரிக்கெட் ஆட வந்த பையன்கள் கைதட்டினார்கள்.

நண்பர்களில் அம்பாசடர்காரர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உனக்காவது லீவர் தரையில இருக்கு" என்பார்கள். அதுவும் நியாயம். ஸ்டியரிங் தண்டில் கியர் லீவர் உள்ள பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் லீவருக்கும் பெட்டிக்கும் நடுவே நீண்ட தண்டுகளும் மூட்டுகளும் புஷ்ஷுகளும் உண்டு. ஒவ்வொரு புஷ்ஷும் கொஞ்சம் தேய்ந்தால் போதும், லீவர் ஒன்று சொல்லும், பெட்டி வேறொன்று கேட்கும். இரண்டு கியர் ஒரே நேரத்தில் பாதி விழுந்து சிக்கிக்கொள்வதும் உண்டு. டாக்ஸி டிரைவர் நடுரோட்டில் இறங்கி, பானட்டைத் திறந்து, கையை விட்டு எதையோ ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறியதைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். அங்கே கிளட்சும் குற்றவாளி இல்லை, பெட்டியும் இல்லை. புஷ் மாற்றினால் போதும்.

என் வண்டியில் இன்னும் தீராத கோளாறு ஒன்று உண்டு. காலையில் பெட்டி குளிர்ந்திருக்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் ஒரு சின்னக் 'கிர்'. இது கிளட்ச் இல்லை. மற்ற கியர்கள் சுத்தமாக விழுகின்றன. இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. பல்லும் பல்லும் சேர்வதற்கு முன் உரசி, இரண்டின் வேகத்தையும் சமன் செய்யும் பித்தளை வளையம் அது. ஹெரால்டில் இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டும்தான் சிங்க்ரோ உண்டு. முதல் கியருக்கு இல்லவே இல்லை. அதனால்தான் மாமா, "ரெண்டைத் தொட்டுட்டு ஒண்ணு போடு" என்று சொல்லிக் கொடுத்தார்: நிற்கும் வண்டியில் லீவரை ஒரு கணம் இரண்டின் பக்கம் அழுத்தினால், அதன் வளையம் உரசிச் சுற்றும் தண்டை நிறுத்திவிடும், அடுத்து ஒன்று சத்தமில்லாமல் விழும். 50 வருடமாக எல்லா சிக்னலிலும் அந்த வளையம் தன் வேலையோடு முதல் கியரின் வேலையையும் சேர்த்துப் பார்த்தால் தேயாமல் என்ன செய்யும்?

பெட்டி ஆயிலை மாற்றிப் பார்த்தேன். முன்பு யாரோ ஜிஎல்-5 என்ற வகைக் கியர் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அதில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது என்பார்கள். வழவழப்பும் அதிகம், வளையத்தை உரசவே விடாது. ஜிஎல்-4 ஊற்றியதில் பாதி குணம். மீதிக்கு டபுள் கிளட்ச் அடிக்கிறேன்: நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஒரு முறை ஆக்சிலரேட்டரைத் தட்டி, மறுபடி மிதித்து இரண்டு. பழைய லாரி டிரைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்தது. எனக்குப் பத்துக்கு ஏழு முறை சரியாக வருகிறது.

புது வளையம் ஒன்று கிடைத்து வாங்கியும் வைத்துவிட்டேன். அலமாரியில், எடுத்துவைத்த அந்தப் பழைய கிளட்ச் பிளேட் பக்கத்தில் இருக்கிறது. பெரியவரிடம் எப்போது மாற்றலாம் என்று போன மாதம் கேட்டேன். "விழுதா?" என்று கேட்டார். "விழுது ஐயா, கொஞ்சம் கிர்ங்குது." "விழுதுல்ல? ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.